பகல் வானில் மறைந்திருக்கும் சிவப்பு: ஒளியுணரிகளின் சிறு மின்னோட்டத்தை அளப்பது குறித்து

நண்பகலில் திருவனந்தபுரத்து வானத்தைப் பார்த்தால் நீலம்தான் தெரியும். அந்த நீலத்துக்கு வெகு மேலே, இருநூறு கிலோமீட்டரைத் தாண்டிய உயரத்தில், ஆக்சிஜன் அணுக்கள் 630 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாக ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன. இரவில் இந்த ஒளியை அளப்பது பழகிப்போன வேலை, இருட்டு துணைக்கு வரும். பகலில் காற்று சிதறடிக்கும் சூரிய வெளிச்சம் அந்தச் சிவப்பை முழுசாக மூழ்கடித்துவிடுகிறது. அங்கே எத்தனை பெரிய பெருக்கியைக் கொண்டுவந்து வைத்தாலும் பயனில்லை. சிவப்பு நூறு மடங்கானால் பின்னணி வெளிச்சமும் நூறு மடங்காகும்.

ஒளியுணரி தரும் சிறிய மின்குறியை எப்படிப் பெருக்குவது என்ற கேள்வி, மின்னணுவியல் படிக்கிற எல்லாருக்கும் ஏதாவது ஒரு புராஜெக்டில் வந்து சேரும். பெரும்பாலும் அது 'எத்தனை மடங்கு பெருக்க வேண்டும்?' என்ற வடிவில்தான் வரும். கடைசியாகக் கேட்க வேண்டியதை முதலில் கேட்பதாகவே எனக்குப் படுகிறது. உணரியின் காலடியில் இரைச்சல் எவ்வளவு, வேண்டாத வெளிச்சம் எவ்வளவு, அவற்றை எந்தக் கட்டத்தில் பிரித்தெடுப்பது என்பதெல்லாம் தெளிவான பிறகு பெருக்கம் ஒரு கணக்குப் பயிற்சி ஆகிவிடும். இதைக் காட்டத் திருவனந்தபுரம் வசதியான ஊர். பூமியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால்தான் இங்குள்ள தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்தது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியபோது அது சுமந்து சென்றதும் ஒளி சம்பந்தப்பட்ட சோதனைதான். சோடியம் ஆவியை உயரத்தில் பரப்பி, அந்தி வெயிலில் அது மஞ்சளாக மின்னுவதைப் படமெடுத்து மேல்வளிக் காற்றின் போக்கை அறிந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கடற்கரையில் ஒளியை அளக்கும் வேலை நிற்கவே இல்லை.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் போட்டோடயோடு பி.பி.டபிள்யூ. 34. ஒளி படும் பரப்பு ஏழரைச் சதுர மில்லிமீட்டர். இழை பல்பின் வெளிச்சம் 1000 லக்ஸ் விழுந்தால் சுமார் 70 மைக்ரோ ஆம்பியர் தரும் என்கிறது அதன் தகவல் தாள். போட்டோடயோடின் பெரிய குணம் நேர்விகிதம்: ஒளி பாதியானால் மின்னோட்டமும் பாதி. இந்தக் கணக்கில், ஐந்தில் ஒரு லக்ஸ் அளவுள்ள பௌர்ணமி நிலவொளிக்குப் பதினான்கு நானோ ஆம்பியர் வரும். ஒரு லக்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கான நட்சத்திர வெளிச்சத்துக்கு எழுபது பிகோ ஆம்பியர். ஒளியின் நிறத்தைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் மாறும், தசம இடம் மாறாது.

அர்டுயினோ உனோவின் அனலாக் காலில் ஒரு படி என்பது ஐந்து மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. போட்டோடயோடோடு பத்து கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போட்டு நிலவைக் காட்டினால் கிடைப்பது 0.14 மில்லிவோல்ட். திரையில் பூஜ்யம்தான் வரும். ரெசிஸ்டரை ஒரு மெகா ஓம் ஆக்கினால் மூன்று படி நகரும். சரி, நூறு மெகா ஓம் போட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் மூன்று தொல்லைகள் ஒன்றாக வருகின்றன. டயோடின் குறுக்கே மின்னழுத்தம் ஏற ஏற அதன் நேர்விகிதம் கெடுகிறது. டயோடுக்கு எழுபது பிகோ ஃபாரட் அளவுக்கு உள்ளே ஒரு கெபாசிட்டர் இருப்பதால், பெரிய ரெசிஸ்டரோடு சேர்ந்து எல்லாமே மந்தமாகிறது. அர்டுயினோவின் அளவீட்டுச் சுற்றோ பத்து கிலோ ஓமுக்கு மேற்பட்ட மூலத்தை விரும்புவதே இல்லை.

இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே விடையாக நிலைத்திருப்பது மின்னோட்டத்தை மின்னழுத்தமாக மாற்றும் ஆப்-ஆம்ப் சுற்று. டயோடு ஆப்-ஆம்பின் எதிர்க்குறி உள்ளீட்டில் நேரடியாகச் சேரும். வெளியீட்டிலிருந்து அதே உள்ளீட்டுக்கு ஒரு பெரிய ரெசிஸ்டர் திரும்பி வரும். ஆப்-ஆம்ப் எப்பாடுபட்டாவது தன் இரு உள்ளீடுகளையும் ஒரே மின்னழுத்தத்தில் வைத்திருக்கப் பார்க்கும். அதனால் டயோடின் குறுக்கே அநேகமாகப் பூஜ்யம் வோல்ட்டே நிற்கும். டயோடு தரும் மின்னோட்டம் முழுவதும் திரும்பு ரெசிஸ்டர் வழியே ஓடியாக வேண்டும். வெளியீடு என்பது மின்னோட்டத்தை ரெசிஸ்டரால் பெருக்கிய தொகை, அவ்வளவுதான். பத்து மெகா ஓமில் நிலவொளி 140 மில்லிவோல்ட் தரும்.

பாடப்புத்தகங்கள் இந்தச் சுற்றை வரையும்போது முக்கோணத்துக்குள் இன்னும் 741 என்று எழுதுகின்றன. அதை நிறுத்த வேண்டும். 741இன் உள்ளீடே சாதாரணமாக எண்பது நானோ ஆம்பியர் உறிஞ்சுகிறது. அளக்க வந்த நிலவொளியைப் போல ஐந்தாறு மடங்கு! கூலிக்கு எடை போட வந்தவன் தராசுத் தட்டில் தானும் ஏறி உட்கார்ந்த கதைதான். உள்ளீட்டில் ஃபெட் உள்ள ஆப்-ஆம்ப்களே இங்கே பொருந்தும். டி.எல். 072 சுமார் 65 பிகோ ஆம்பியர். நிலவொளிக்குப் போதும், நட்சத்திரத்துக்குப் போதாது. சி.ஏ. 3140 பத்து பிகோ. எல்.எம்.சி. 6482 போன்ற சீமாஸ் வகைகள் ஒரு பிகோ ஆம்பியரின் ஐம்பதில் ஒரு பங்கு. விலை வித்தியாசம் ஒரு சிற்றுண்டிக் காசு. எனவே இந்தத் தேர்வைப் பற்றி அதிகம் யோசிக்க ஏதுமில்லை.

யோசிக்க வேண்டியது திரும்பு ரெசிஸ்டரைப் பற்றி. சிறிய ரெசிஸ்டர் போட்டு, அடுத்த கட்டத்தில் நூறு மடங்கு பெருக்கினாலும் அதே வோல்ட்தானே வரும் என்று கேட்கலாம். வோல்ட் வரும், தெளிவு வராது. எந்த ரெசிஸ்டரிலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைக்கழிவதால் ஓர் இரைச்சல் எழுகிறது. ஒரு மெகா ஓமில் அது ஒரு ஹெர்ட்ஸ் பட்டைக்கு 130 நானோவோல்ட் அளவு. ரெசிஸ்டரை நூறு மடங்காக்கினால் இந்த இரைச்சல் பத்து மடங்குதான் ஏறும், மின்குறியோ நூறு மடங்கு ஏறும். ஆகவே முதல் கட்டத்திலேயே பெரிய ரெசிஸ்டர் என்பது லாபம். எதுவரை லாபம்? ஒளியே தவணை தவணையாக, ஃபோட்டான் ஃபோட்டானாக வருவதால் அதற்கென்று ஓர் இரைச்சல் உண்டு. அதை எந்தப் பெருக்கியாலும் குறைக்க முடியாது. திரும்பு ரெசிஸ்டரின் குறுக்கே நிற்கும் மின்னழுத்தம் ஐம்பது மில்லிவோல்ட்டைத் தாண்டினால், ஒளியின் சொந்த இரைச்சல் ரெசிஸ்டரின் இரைச்சலை முந்திவிடும். அதற்கு மேல் ரெசிஸ்டரைக் கூட்டுவதால் கிடைப்பது சொற்பம். இந்த ஐம்பது மில்லிவோல்ட் கணக்கு ஏனோ நம் கல்லூரி ஆய்வேடுகளில் கண்ணில் படுவதில்லை. அது தெரிந்தால் பாதி வாதங்கள் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பெரிய ரெசிஸ்டர் போட்டதும் சுற்று தானாகவே பாடத் தொடங்கும். டயோடின் கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் சேர்ந்து ஆப்-ஆம்புக்குத் திரும்பும் மின்குறியைத் தாமதப்படுத்துவதே காரணம். திரும்பு ரெசிஸ்டரோடு இணையாக ஒரு சிறு கெபாசிட்டர் போட்டால் அடங்கும். டி.எல். 072, ஒரு மெகா ஓம், எண்பது பிகோ ஃபாரட் உள்ளீடு என்றால் இரண்டு பிகோ ஃபாரட் போதும், எண்பது கிலோஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். பிரெட்போர்டின் பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு இடையிலேயே கிட்டத்தட்ட அந்த அளவு கெபாசிட்டர் இருக்கிறது. பிரெட்போர்டில் அமைதியாக ஓடிய சுற்று, பலகையில் சால்டர் வைத்ததும் அலறுவதன் ரகசியம் பல நேரம் இதுதான்.

இனி ஊரைப் பற்றி. ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை வந்து இறங்கியதிலிருந்து, அக்டோபர், நவம்பரில் துலாமழை ஓயும் வரை, திருவனந்தபுரத்தில் காற்றின் ஈரம் குறைவதே அரிது. போதாததற்குக் கடல் உப்பு. நானோ ஆம்பியரை அளக்கிறவருக்கு இது வானிலைச் செய்தி மட்டுமல்ல, சுற்றில் சேர்ந்துகொண்ட ஒரு பாகம். சால்டர் வைத்தபின் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ் ஈரத்தை உறிஞ்சும். பலகையின் மேற்பரப்பு மெல்லிய ரெசிஸ்டராக மாறும். அந்தக் கசிவுப் பாதை பத்து கிகா ஓம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஐந்து வோல்ட் பாதை ஒன்று ஓடினால் உள்ளீட்டுக்குள் அரை நானோ ஆம்பியர் நுழைந்துவிடும். நட்சத்திர வெளிச்சத்தைப் போல ஏழு மடங்கு. அதுவும் நிலையாக நிற்காது. மழை பெய்தால் ஏறும், வெயில் அடித்தால் இறங்கும். அளவீட்டுக் கோடு அசைவதைப் பார்த்து மேகத்தை அளந்துவிட்டதாக நம்பவும் இடமுண்டு.

மருந்து மூன்று. முதலாவது, ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் வைத்துத் தேய்த்துக் கழுவுவது. இரண்டாவது, உள்ளீட்டுக் காலைச் சுற்றி அதே மின்னழுத்தத்தில் ஒரு செம்பு வளையம் வரைவது: கசிவதற்கு மின்னழுத்த வேறுபாடு வேண்டும், வளையம் அந்த வேறுபாட்டை இல்லாமலாக்கிவிடுகிறது. மூன்றாவது, அந்தக் காலைப் பலகையில் பொருத்தாமலே காற்றில் தூக்கி, டயோடையும் ரெசிஸ்டரையும் அந்தரத்திலேயே சால்டர் வைப்பது. பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் மின்னளவியில் ஊறியவர்கள் அதைத்தான் செய்கிறார்கள், காற்றைவிட நல்ல காப்பு மலிவில் இல்லை. கழுவிக் காய்ந்தபின் ஒரு பூச்சு கொடுத்து, சிலிகா ஜெல் பையோடு பெட்டியில் அடைத்துவிட்டால் துலாமழையையும் தாங்கும். பெட்டி உலோகமாக இருக்கட்டும். உள்ளீட்டுக் கம்பி 50 ஹெர்ட்ஸ் மின்புலத்தை வாங்க ஏரியல் போலக் காத்திருக்கும்.

வெப்பம் இன்னொரு கணக்கு. எதிர்முக வோல்ட் கொடுத்து இயக்கினால் டயோடு வேகமாகும், ஆனால் இருட்டிலும் ஒரு மின்னோட்டம் ஓடும். பி.பி.டபிள்யூ. 34க்குப் பத்து வோல்ட்டில் அது இரண்டு நானோ ஆம்பியர் அளவு. பத்து டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய இரட்டிக்கும். மொட்டைமாடியில் வெயிலில் வைத்த பெட்டிக்குள் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வேகம் வேண்டாத, ஒளியின் அளவு மட்டுமே வேண்டிய புராஜெக்டில் பூஜ்யம் வோல்ட்டே நல்லது.

இத்தனையும் சரியாகச் செய்தபின் எஞ்சுவது பின்னணி ஒளி. இந்தக் கட்டுரையின் மையம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

கல்கத்தாவில் 1928 பிப்ரவரியில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் தேடியது, திரவத்தில் பட்டுச் சிதறும் ஒளியில் நிறம் மாறிய மிகச் சிறிய பங்கை. அவர்களிடம் ஆப்-ஆம்ப் கிடையாது. உணரி அவர்களது கண். வயலெட் மட்டும் நுழையும் வடிகட்டியை உள்ளே வரும் ஒளியின் வழியிலும், அந்த வயலெட்டை முழுசாகத் தடுக்கும் இன்னொரு வடிகட்டியைக் கண்ணுக்கு முன்னும் வைத்தார்கள். இரண்டையும் தாண்டி ஏதாவது தெரிந்தால் அது புதிய நிறமாகத்தான் இருக்க வேண்டும். தெரிந்தது. எதையும் பெருக்காமல், வேண்டாததை நீக்கியே கண்டுபிடித்தார்கள். மின்னணு உணரி கொண்டு புராஜெக்ட் செய்கிறவரும் முதலில் பணம் செலவழிக்க வேண்டியது கண்ணாடி வடிகட்டிக்கும், உட்புறம் கறுப்பு பூசிய ஒரு குழாய்க்கும்தான். ஆப்-ஆம்ப் அப்புறம்.

வடிகட்டிக்கு எல்லை உண்டு. வேண்டிய ஒளியும் வேண்டாததும் ஒரே நிறம் என்றால் என்ன செய்வது? அப்போது காலத்தைக் கொண்டு பிரிக்க வேண்டும். அமெரிக்காவின் ராபர்ட் டிக்கி 1946இல் நுண்ணலை அளக்கும் கருவிக்குச் செய்தது இதுதான். கருவியின் பெருக்கம் மணிக்கு மணி மாறும், அதன் சொந்த இரைச்சலோ வானின் குறியைவிடப் பெரிது. அவர் கருவியை வானத்தையும் ஒரு தெரிந்த மூலத்தையும் மாறி மாறிப் பார்க்கவைத்து, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். மெல்ல மாறும் எதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும், கழித்தால் போய்விடும்.

வீட்டில் தொலைக்காட்சி ரிமோட்டின் எதிர்முனையில் இருக்கும் டி.எஸ்.ஓ.பி. 1738 இதே குடும்பம். ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளி வினாடிக்கு 38,000 முறை அணைந்து எரிகிறது. வாங்கும் பக்கம் உள்ள சில்லு போட்டோடயோடு, பெருக்கி, 38 கிலோஹெர்ட்ஸை மட்டும் விடும் வடிகட்டி எல்லாவற்றையும் ஒரு கடுகளவு உடம்பில் வைத்திருக்கிறது. ஜன்னல் வெயிலும், வினாடிக்கு நூறு முறை துடிக்கும் விளக்கு வெளிச்சமும் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் அந்தச் சில்லு தன் பெருக்கத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஒளி வந்ததா இல்லையா என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அளப்பதற்கு அதைப் பயன்படுத்த முயல்கிற புராஜெக்டுகள் வருடா வருடம் வருகின்றன.

அர்டுயினோவில் செய்யக்கூடிய எளிய வழி இது: நம் விளக்கை எரியவிட்டு ஒருமுறை அளந்து, அணைத்து ஒருமுறை அளந்து, கழிக்க வேண்டும். ஒவ்வொரு அளவும் இருபது மில்லிவினாடியின் முழு மடங்காக நீடித்தால் மின்விளக்கின் துடிப்பும் சராசரியில் மறைந்துவிடும். நூறு சோடி எடுத்துச் சராசரி கண்டால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். விலையுயர்ந்த லாக்-இன் பெருக்கி செய்வதன் சாரமும் இதுவே; கொஞ்சம் நேர்த்தியாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

இப்போது வானத்துச் சிவப்புக்கு வரலாம். அது நம் கையில் இல்லாத விளக்கு, எரியவும் அணையவும் செய்ய முடியாது. நிறத்தைக் கொண்டு பிரிக்கலாம் என்றால் பின்னணி வெயிலிலும் 630 நானோமீட்டர் இருக்கிறது. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆர். நாராயணன், ஜே.என். தேசாய், என்.கே. மோடி, ஆர். ராகவராவ், ஆர். ஸ்ரீதரன் ஆகியோர் 1989இல் வெளியிட்ட பகலொளிர்வு மானி இதற்கு ஒரு குறுக்குவழி கண்டது. ஆக்சிஜனின் ஒளி மிகக் குறுகிய ஒரு கோடு. பின்னணியோ அக்கம்பக்கத்து அலைநீளங்களிலெல்லாம் பரவிக் கிடப்பது. ஃபாப்ரி-பெரோ என்னும் இரட்டைக் கண்ணாடி அமைப்பு, சற்றே வேறுபட்ட அலைநீளங்களை வெவ்வேறு வளையங்களாக விரித்துக் காட்டும். ஒரு வளையத்தில் கோடும் பின்னணியும் சேர்ந்து விழும். பக்கத்து வளையத்தில் பின்னணி மட்டும். இரண்டையும் மாறி மாறித் திறந்து மூடும் முகமூடி ஒன்றைச் சுழலவிட்டார்கள். வெளியே ஒளிப்பெருக்கிக் குழாய் ஃபோட்டான்களை எண்ணுகிறது. முகமூடி முதல் வளையத்தைக் காட்டும்போது எண்ணி முன்னே கூட்டும். பக்கத்து வளையத்தைக் காட்டும்போது அதே எண்ணி பின்னே கழிக்கும். வினாடிகள் ஓட ஓட, எண்ணியில் மிஞ்சுவது சிவப்பு மட்டும்.

இந்தக் கருவியில் பெருக்கம் என்று பார்த்தால் ஒளிப்பெருக்கிக் குழாயினுள் நடப்பதுதான். ஓர் எலக்ட்ரான் பல படிகளில் மோதி மோதி லட்சக்கணக்கில் பெருகுவது. அது இந்தக் கருவிக்கு முன்பும் இருந்தது. புதிதாக வந்தது கழித்தல். ஸ்ரீதரன் பின்னர் திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தைச் சேர்ந்த விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். பல அலைநீளங்களை ஒரே சமயத்தில் பகலில் பார்க்கும் வளர்ந்த வடிவம் காந்த நடுக்கோட்டின் வானத்தை நோக்கி இங்கே வேலை செய்தது. பகலொளிர்வின் ஏற்ற இறக்கம் ஏன் முக்கியம் என்றால், சூரியன் மறைந்தபின் நடுக்கோட்டு அயனிமண்டலத்தில் எழும் கொந்தளிப்பு ரேடியோ அலைகளையும் செயற்கைக்கோள் சைகைகளையும் குலைக்கிறது. அந்தக் கொந்தளிப்பு இன்று வருமா என்பதற்கான முன்குறி பகலொளிர்விலேயே தெரியும் என்று ஸ்ரீதரனும் சக ஆய்வாளர்களும் 1994இல் எழுதினார்கள்.

கழித்தலைக் கொண்டாடும்போது அதன் விலையையும் சொல்லிவிட வேண்டும். பின்னணியின் சராசரி போய்விடும், ஆனால் பின்னணி ஃபோட்டான்கள் விட்டுச்செல்லும் தடுமாற்றம் போகாது. உதாரணமாகப் பின்னணி பத்து லட்சம் எண்ணிக்கை, மின்குறி அதில் நூற்றில் ஒரு பங்கான பத்தாயிரம் என்று வைப்போம். இரு பக்கமும் சேர்ந்து தடுமாற்றம் சுமார் 1400 வரும். மின்குறி அதைப் போல ஏழு மடங்கு. நூறு மடங்கு நேரம் எண்ணினால்தான் எழுபது மடங்காகும். ஆகவே கழிப்பதற்கு முன்னால் வடிகட்டியால் குறைக்க முடிந்த மட்டும் குறைத்தாக வேண்டும். இன்னொரு விலை, பெருக்கி நிரம்பி வழிவது. ஒரு மெகா ஓமும் ஐந்து வோல்ட்டும் உள்ள சுற்றில் பி.பி.டபிள்யூ. 34 எழுபது லக்ஸிலேயே மேல்கூரையை முட்டிவிடும், சாதாரண அறை வெளிச்சமே அதைவிட அதிகம். கூரையில் முட்டிய பெருக்கியிடம் விளக்கு எரிந்தபோதும் அணைந்தபோதும் ஒரே எண்தான் வரும், கழித்தால் பூஜ்யம். எத்தனை பெரிய பெருக்கமோ அத்தனை சீக்கிரம் இந்தக் கதி. பெருக்கத்தைக் குறைத்ததும் மின்குறி தெரியத் தொடங்கும் சுற்றுகள் உண்டு என்று சொன்னால் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

நேர்மாறான ஓர் உதாரணமும் திருவனந்தபுரத்து விண்வெளி இயற்பியல் ஆய்வகத்திலிருந்தே கிடைக்கிறது. 1980களில் கே. கிருஷ்ணமூர்த்தி, பிரபா நாயர், பி.வி. கிருஷ்ணமூர்த்தி ஆகியோரின் உழைப்பில் உருவான பல்லலைநீளக் கதிர்மானி சூரியனை நேராகப் பார்க்கும் கருவி. 380 முதல் 1025 நானோமீட்டர் வரை பத்து குறுகிய பட்டைகளில், சுழலும் சக்கரத்தில் பொருத்திய வடிகட்டிகள் வழியாகச் சூரிய ஒளி உணரியில் விழும். காற்றில் மிதக்கும் தூசும் உப்பும் புகையும் எவ்வளவு ஒளியைத் தின்கின்றன என்று கணிப்பது நோக்கம். திருவனந்தபுரத்தில் தொடங்கிய இந்த அளவீடு பிறகு நாடெங்கும் பரவிய நிலையங்களின் வலையாக வளர்ந்தது.

இங்கே சுவையான விஷயம், கருவியின் பெருக்கம் எத்தனை மடங்கு என்று தெரிய வேண்டியதே இல்லை. சூரியன் ஏற ஏற ஒளி கடந்துவரும் காற்றின் நீளம் குறையும். அந்த நீளத்துக்கு எதிராக உணரி வோல்ட்டின் மடக்கையை வரைந்தால் நேர்கோடு வரும். கோட்டின் சரிவே காற்றின் மங்கல் அளவு. பெருக்கம் இரு மடங்கானால் கோடு மேலே நகரும், சரிவு மாறாது. லாங்லி பெயரால் வழங்கும் இந்த முறைக்கு வேண்டியது இரண்டே குணம்: நேர்விகிதம், அந்த நாலைந்து மணி நேரத்துக்கு மாறாத பெருக்கம். சுற்றை வடிவமைக்கிறவர்கள் 'அதிகம்' என்பதற்குத் தரும் மரியாதையை 'மாறாமை'க்கும் தந்தால் நல்லது.

இதையே சில்லறைக் காசில் செய்யவும் வழி இருக்கிறது. ஃபாரஸ்ட் மிம்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1992இல், சாதாரண எல்.இ.டி.யையே ஒளியுணரியாக வைத்துச் சூரிய மானி கட்டலாம் என்று ஆய்விதழில் காட்டினார். எல்.இ.டி. தான் உமிழும் நிறத்தைவிடச் சற்றுக் குறைந்த அலைநீளத்தில் ஒரு குறுகிய பட்டைக்கு மட்டும் மின்னோட்டம் தரும். விலையுயர்ந்த வடிகட்டி இல்லாமலே நிறப்பிரிப்பு கிடைத்துவிடுகிறது. அதன் மின்னோட்டம் போட்டோடயோடைவிட வெகு குறைவு. மேலே சொன்ன ஆப்-ஆம்ப் சுற்று, நல்ல ரெசிஸ்டர், கழுவிய பலகை எல்லாம் இங்கே கட்டாயம். முடிவில் ஏ.டி.எஸ். 1115 போன்ற பதினாறு பிட் மாற்றியைச் சேர்த்தால் அதன் நுண்ணிய வீச்சில் எட்டு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவான படி கிடைக்கும்.

உணரியும் பெருக்கியும் ஒரே சில்லில் வரும் தயார்ப் பாகங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஓ.பி.டி. 101இல் போட்டோடயோடும் ஆப்-ஆம்பும் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரும் உள்ளேயே இருப்பதால் ஈரக் கசிவு பெருமளவு தொலைகிறது. பருவமழை ஊர்களுக்கு நல்ல தேர்வு. பி.எச். 1750 நேராக லக்ஸ் எண்ணைத் தந்துவிடும், ஆனால் அதன் எல்லைக்கு வெளியே எதையும் கேட்க முடியாது. எல்.டி.ஆர். தெருவிளக்கைப் போட்டு அணைக்கத்தான் லாயக்கு: மந்தம், பழைய வெளிச்சத்தை நினைவில் வைத்திருக்கும், காட்மியம் வேறு. ஒற்றை ஃபோட்டானை எண்ணும் சிலிக்கான் பெருக்கிகள் முப்பது வோல்ட் சுமாரில் இயங்குவதால் ஒளிப்பெருக்கிக் குழாயின் ஆயிரம் வோல்ட் பயம் போய்விட்டது. ஆனால் சாதாரண அறைச் சூட்டில் அவை இருட்டிலேயே வினாடிக்கு ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கும், குளிர்விக்காமல் மிக மங்கிய ஒளிக்குப் பயனில்லை.

எல்.இ.டி. சூரிய மானியைக் கடற்கரையில் வைத்து லாங்லி கோடு வரைந்தால் இன்னொன்று தெரியவரும். காலையில் நிலக்காற்று, வெயில் ஏறியதும் கடற்காற்று திரும்பி உப்பையும் ஈரத்தையும் கொண்டுவரும். காற்றே மாறிவிடுவதால் கோடு நடுவில் முறிகிறது. முற்பகல் சரிவும் பிற்பகல் சரிவும் பொருந்துவதில்லை. அதனால் முற்பகலையும் பிற்பகலையும் தனித்தனி அளவீடாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மானியின் அளவுத்திருத்த மாறிலியை நிர்ணயிக்கப் பொன்முடி போன்ற ஓர் உயரத்துக்கு, மழை ஓய்ந்த தெளிவான காலை ஒன்றில் எடுத்துப்போவது நல்லது. எல்.இ.டி.யின் உணர்திறன் சூட்டோடு நகரும் என்பதால் பெட்டிக்குள் ஒரு வெப்பமானியையும் வைத்து, ஒளி எண்ணோடு அதன் எண்ணையும் பதிய வேண்டும். இந்த நிலையில் ஆப்-ஆம்பை மாற்றுவதாலோ இன்னும் எட்டு பிட் வாங்குவதாலோ அளவு திருந்தாது. மிஞ்சி நிற்கும் பிழை பலகைக்கு வெளியே, கடற்காற்றிலும் பெட்டியின் சூட்டிலும் இருக்கிறது.